ஆகஸ்ட் விடுமுறையில் புத்தகங்கள் லயத்துக்குப் போன கதை

கோடைகால வாசிப்பு என்று தேடினால் வெயிலும் கடற்கரையும் தொப்பி போட்ட பிள்ளைகளுமாகப் படங்கள் வரும். எங்கள் பக்கம் ஆகஸ்டில் வெயிலைக் காண்பதே அபூர்வம். இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பகுதிகளில் அப்போது தென்மேற்குப் பருவமழை. காலையில் பனிமூட்டம், பதினொரு மணிக்குக் கொஞ்சம் வெளிச்சம், மத்தியானத்துக்குப் பிறகு மழை. ஆனாலும் பாடசாலை மூடியிருக்கும், அது போதும் எங்களுக்கு. நம் நாட்டில் வருடத்துக்கு மூன்று தவணை, மூன்று விடுமுறை. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு. கொழும்பில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள், பிள்ளைகள் நிலத்தில் நிற்காது. டிசம்பரில் புது வகுப்பு, புதுச் சப்பாத்து என்று வீட்டில் வேறு கவலை. ஆகஸ்ட்தான் ஒன்றுமில்லாமல் கிடக்கிற விடுமுறை. கொரோனாவுக்குப் பிறகு தவணைகள் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்ந்து கொண்டுதான் இருக்கின்றன. இருந்தாலும் எங்கள் வாயில் அது ஆகஸ்ட் லீவுதான்.

நான் மலையகத்தின் ஒரு சிறு நகரத்தில், நகரசபை நடத்துகிற பொது நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். தேசிய வாசிப்பு மாதம் என்று ஒக்டோபரில் நாடு முழுவதும் நடப்பது எல்லோருக்கும் தெரியும். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தொனிப்பொருள் கொடுக்கும். நாங்கள் கட்டுரைப் போட்டி, கண்காட்சி, ஊர்வலம் எல்லாம் செய்வோம். அது நல்ல விஷயம்தான். ஆனால் ஒக்டோபரில் பாடசாலை நடக்கிறது. பிள்ளைகளை டீச்சர் வரிசையில் கூட்டி வருவார், வரிசையில் கூட்டிப் போவார். விடுமுறையில் அந்தப் பிள்ளை தானாக வருமா என்பதுதான் எனக்கு இருந்த கேள்வி. பஸ் காசு, மழை, வீட்டு வேலை, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும் அல்லவா?

வெளிநாட்டு நூலகங்களுக்கு இது பழைய வேலை. அமெரிக்காவில் 1890களிலேயே கிளீவ்லாந்து பொது நூலகம் போன்ற இடங்களில் பிள்ளைகளுக்கான விடுமுறை வாசிப்பு முயற்சிகள் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் 1999 முதல் பொது நூலகங்கள் சேர்ந்து நடத்துகிற கோடை வாசிப்புச் சவாலில், விடுமுறைக்குள் ஆறு புத்தகம் வாசிப்பதுதான் வழக்கமான இலக்கு. இதையெல்லாம் படிக்கும்போது என் கண்ணில் பட்டது வேறொன்று. பார்பரா ஹெய்ன்ஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. விடுமுறையில் வாசிக்கிற பிள்ளைகள் கல்வியில் முன்னுக்குப் போவதை அது காட்டியது. எந்தப் பிள்ளை வாசிக்கிறது என்று பார்த்தால், பொது நூலகத்தைப் பயன்படுத்துகிற பிள்ளைதான் அதிகம் வாசிக்கிறது. வீட்டுக்கும் நூலகத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதும் அதில் ஒரு முக்கிய காரணம். அட்லாண்டாவிலேயே தூரம் ஒரு விஷயம் என்றால், தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து இறங்கி, மெயின் ரோட்டுக்கு வந்து, பஸ் பிடித்து டவுனுக்கு வர வேண்டிய பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

ஆகவே எங்கள் வேலையை நான் இப்படித்தான் பார்க்கத் தொடங்கினேன்: ஒரு பிள்ளை புத்தகத்தை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறுக்கே என்னென்ன நிற்கிறதோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவது. கதை சொல்லல், பாட்டு, படம் வரைதல் எல்லாம் அதற்குப் பிறகு.

சிலருக்கு இது பிடிக்காது. விடுமுறை வாசிப்பு நிகழ்ச்சி என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பெனர். அடுத்தது பிரதம அதிதி, மங்கள விளக்கு, பொன்னாடை. காசில் பாதி ஆரம்ப விழாவிலேயே கரைந்துவிடும். பிள்ளைகள் ஈரச் சப்பாத்தோடு ஒன்றரை மணித்தியாலம் பேச்சுக் கேட்பார்கள். பேச்செல்லாம் வாசிப்பின் மகிமையைப் பற்றியதாக இருக்கும். புத்தக அலுமாரி மட்டும் பூட்டியிருக்கும். ஓர் இடத்தில் நானே இதைப் பார்த்தேன். இப்போது எங்கள் ஆகஸ்ட் நிகழ்ச்சிக்கு ஆரம்ப விழா கிடையாது. யாராவது முக்கியமானவர் வர ஆசைப்பட்டால் சந்தோஷமாக வரலாம், ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுவேன். இரண்டு பேர் அப்படி வந்து வாசித்தார்கள். அதில் ஒருவர் நிஜமாகவே நன்றாக வாசித்தார். புலி வருகிற இடத்தில் மேசையைத் தட்டியதில் என் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது.

குறுக்கே நிற்பவற்றில் முதலாவது விண்ணப்பப் படிவம். நூலகத்தில் உறுப்பினராக ஒரு பிணையாளர் கையொப்பம் வேண்டும். பெரும்பாலான இடங்களில் அவர் சபைக்கு ஆதன வரி கட்டுகிறவராக அல்லது நிரந்தர அரச உத்தியோகத்தராக இருக்க வேண்டும். டவுனில் கடை வைத்திருப்பவரின் பிள்ளைக்கு இது ஒரு நாள் வேலை. லயக் காம்பராவில் (லயத்து அறையில்) இருக்கிற குடும்பத்துக்கு வீடும் காணியும் சொந்தமில்லை, வரி எங்கே கட்டுவது? அதோடு நகரசபையின் எல்லை டவுனோடு முடிந்துவிடும். சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லாம் பிரதேச சபைக்குள் வரும். அதனால் தோட்டத்துப் பிள்ளை எங்கள் கணக்கில் எல்லைக்கு வெளியே உள்ள பிள்ளை. அந்தப் பக்கத்துப் பிரதேச சபையைக் கேட்டால், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் சபையின் காசைச் செலவழிக்க அது பெரிய தடையாக இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருடம் எங்கள் ஆட்கள் வாக்குப் போட்ட சபையால் எங்கள் லயத்துக்கு ஒரு ரோட்டைக்கூடப் போட முடியாமல் இருந்தது என்றால், நடமாடும் நூலகத்தை யார் கேட்பது?

முகவரி அடுத்த தொல்லை. ஒரு தாய் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"எங்க அட்ரஸ்னா தோட்டத்துப் பேரும் டிவிசன் பேருந்தான் மிஸ். லயத்துக்கு நம்பர் இருக்கு, ஆனா காயிதம் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். அங்கருந்து எப்ப கைக்கு வரும்னு சொல்ல ஏலாது. இதுல என்னா எழுதட்டும்?"

புத்தகம் பிந்தினால் நாங்கள் நினைவூட்டல் கடிதம் அனுப்புவது அந்த முகவரிக்குத்தான். கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து ஒரு மாதம் கழித்துப் போய்ச் சேரும்போது தண்டப் பணம் ஏறியிருக்கும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி ரொம்பச் சாதாரணமானது. தனித்தனிப் பிள்ளையைச் சேர்ப்பதை விட்டுவிட்டு, விடுமுறைக் காலத்துக்கு மட்டும் பாடசாலை மூலமாக ஒரு தற்காலிக அட்டை கொடுத்தோம். அதிபர் ஒரே கடிதத்தில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தந்து பொறுப்பேற்பார். முகவரி பாடசாலை முகவரி. தொடர்புக்கு வீட்டில் யாருடைய போன் நம்பராவது. எங்கள் பக்கத்தில் கடிதம் போகாத லயம் உண்டு, போன் போகாத லயம் இல்லை. அதிபர்கள் தயங்குவார்கள் என்று நினைத்தோம். தயங்கியவர்கள் நூலகத்துக்குள் இருந்தவர்கள்தான். எல்லைக்கு வெளியே எப்படிக் கொடுப்பது, ஓடிட்டில் (கணக்காய்வில்) கேட்டால் என்ன சொல்வது என்று. அது நியாயமான பயம். அதனால் வாய்ப்பேச்சில் விடாமல் சபைச் செயலாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அனுமதியை எழுத்திலேயே வாங்கி, கோப்பில் போட்டோம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து 2025 மே தேர்தல் வரை தவிசாளரும் உறுப்பினர்களும் இல்லாமல் உத்தியோகத்தர்களே நிர்வாகத்தை நடத்தினார்கள். அந்தக் காலத்தில்கூட எழுத்தில் கேட்ட காரியம் நடந்தது. இதைச் செய்ய நினைப்பவர்கள் மே மாதத்திலேயே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். ஜூலையில் கொடுத்தால் பதில் ஒக்டோபரில் வரும்.

அடுத்தது பயம். புத்தகம் கிழிந்தால், நனைந்தால், தொலைந்தால் காசு கட்ட வேண்டும் என்ற பயம். பிள்ளைக்கு இருப்பதைவிடப் பெற்றவர்களுக்கு அதிகம். ஒரு நாள் கடும் மழையில் ஓர் அம்மா வந்தார். கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறார், காலில் சேறு. சிலிசிலிப் பைக்குள் (பொலித்தீன் பைக்குள்) இருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். நடுப் பக்கங்கள் நனைந்து உப்பியிருந்தன. அடுப்புக்கு மேலே காயவைத்ததில் ஓரம் மஞ்சளாகி, விறகுப் புகை மணத்தது. சேலை முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து எண்ணத் தொடங்கினார். "கூரை ஒழுகுது மிஸ். புள்ள மேல தப்பில்ல. எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிப்புடுறேன். ஆனா இனிமே அவளுக்குக் குடுக்காதீங்க, தொலைச்சிப்புட்டா நாங்க எங்க போறது?"

நான் காசை வாங்கவில்லை. அந்தப் புத்தகம் இன்னும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருந்தது, அடுக்கில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவின் கடைசி வாக்கியம் விடவில்லை. தண்டப் பணம் என்பது சபைக்குச் சில்லறை வருமானம். அந்தச் சில்லறைக்காக ஒரு வீடே புத்தகத்தை வேண்டாம் என்கிறது. விடுமுறை அட்டைக்குத் தண்டம் இல்லை என்று முடிவெடுக்க வைக்க எனக்கு நிறைய வாதாட வேண்டியிருந்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நூலகவியல் படித்த எல்லோரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விதி அது. அதையே எழுதிக் கொடுத்தேன். பழுதான புத்தகத்துக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். சனிக்கிழமைகளில் 'புத்தக ஆஸ்பத்திரி' என்று ஒரு மேசை போட்டோம். பசை, மெல்லிய வெள்ளைக் காகிதம், துணி நாடா. கிழித்துக்கொண்டு வந்த பிள்ளையே உட்கார்ந்து ஒட்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது: ஒட்டுகிற வேலை பிடித்துப்போய் நல்ல புத்தகத்தையும் 'காய்ச்சல்' என்று சிலர் கொண்டுவந்தார்கள்.

தொலைந்தவை உண்டா என்றால் உண்டு. நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. டவுன் அங்கத்தவர்கள் வருடக் கணக்கில் திருப்பித் தராத நாவல்களோடு ஒப்பிட்டால் அது பெரிய கணக்கே இல்லை.

மழைக்கு ஒரு குறிப்பு: ஒவ்வொரு புத்தகத்தோடும் ஒரு பிளாஸ்டிக் கோப்பு உறை கொடுங்கள். சிலிசிலிப் பை ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். திரும்பி வந்த புத்தகத்தை நேரே அடுக்கில் வைக்கக் கூடாது. எங்கள் குளிரில் ஈரப் புத்தகம் ஒன்று போதும், பக்கத்தில் இருப்பதெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாள் காற்றோட்டமான இடத்தில் விரித்து நிறுத்திவிட்டுத்தான் அடுக்க வேண்டும். அடுப்புக்கு மேல் காயவைக்க வேண்டாம், நனைந்தால் அப்படியே கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

இவ்வளவும் செய்தும் மேல் டிவிசன் பிள்ளைகள் வரவில்லை. தூரம் குறையவில்லையே. அவர்களுக்குத்தான் பெட்டி. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் முப்பது நாற்பது புத்தகம், ஒரு கொப்பி, நூலில் கட்டிய ஒரு பென்சில். பெட்டியைத் தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில், அதுதான் நாங்கள் பிள்ளைக் காம்பரா என்று சொல்வோமே, அங்கே வைத்தோம். இதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம் சாவி வைத்திருக்கிற உத்தியோகத்தரின் மனம். அவர் அடிக்கடி டவுனுக்கு வருகிறவர். த்ரீவீலரில் பெட்டி போகும், பழைய பெட்டி வரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை டிவிசனுக்கு டிவிசன் பெட்டியை மாற்றுவோம். கொப்பியில் பெயர் எழுதுவது, திருப்பி வாங்குவது எல்லாம் ஏழாம் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் பொறுப்பு. பெரியவர்கள் பொறுப்பில் விட்ட இடத்தில் பெட்டி பத்திரமாகப் பூட்டியே இருந்தது. பிள்ளைகள் பொறுப்பில் விட்ட இடத்தில் புத்தகங்கள் அழுக்காகி, தேய்ந்து வந்தன. எது வேண்டுமென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெட்டி கொண்டுபோன ஒரு சாயந்தரம் லயத்தின் தொங்கலில், கடைசிக் காம்பராவில் கண்டதை இங்கே எழுத வேண்டும். இஸ்தோப்பில், அதுதான் முன் திண்ணையில், ஓர் அம்மாயி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நாலாம் ஆண்டுப் பேத்தி காலை நீட்டி உட்கார்ந்து வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். தாய் கொழும்பில் வீட்டு வேலை. பிள்ளைக்கு வாசிப்பு இன்னும் சரளமாக வரவில்லை. கஷ்டமான வரி வந்தால் மெல்லத் தாண்டிப் போய்விடுவாள். டீச்சர் பக்கத்தில் இல்லாத இடத்தில் அதை யார் கண்டுபிடிப்பது? அம்மாயி சுளகை நிறுத்தினார்.

"ஏய், நேத்து அந்த எடத்துல ஆமை ஏதோ பேசுச்சே. இன்னிக்கு எங்க போச்சு?"

பேத்தி திருதிருவென்று முழித்தாள். பிறகு விரலை மேலே கொண்டுபோய், விட்டுவிட்ட வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அம்மாயிக்குத் திருப்தி. சுளகு மறுபடி ஆடியது. அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நேற்றுக் கேட்ட கதை முழுக்க ஞாபகத்தில் இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதை தப்பு என்றும், தன் அப்பாயி சொன்னதில் ஆமை கெட்டிக்காரி, இப்படி ஏமாறாது என்றும் எனக்கு முழுக் கதையையும் சொன்னார். நான் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

இதிலிருந்து இரண்டு விஷயத்தை நாங்கள் மாற்றினோம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிற பிள்ளையிடம் "இதத்தான் போன கிழமையும் எடுத்தியே" என்று யாரும் சொல்லக் கூடாது; திரும்ப வாசித்தால்தான் வாசிப்பு சரளமாகும், அந்தப் பிள்ளைக்கு அது தெரியாமலே தெரிந்திருக்கிறது. இரண்டாவது, வாசிப்பு அட்டையில் எத்தனை புத்தகம் என்று எண்ணுகிற கட்டங்களை எடுத்துவிட்டு, "யாருக்கு வாசித்துக் காட்டினாய்?" என்று ஒரு நிரலைப் போட்டோம். அம்மாயி, தம்பி, பக்கத்துக் காம்பரா அக்கா, கோயில் பூசாரி என்று பெயர்கள் வரும். ஓர் அட்டையில் "எங்கள் ஆடு" என்று இருந்தது. அதற்கும் முத்திரை குத்தினேன்.

பரிசைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதிகம் வாசித்த பிள்ளைக்கு முதல் பரிசு என்று வைத்தால் நடப்பது இதுதான்: வீட்டில் ஏற்கனவே புத்தகம் உள்ள, தாய் தகப்பன் இருவரும் படித்த டவுன் பிள்ளை வெல்லும். மற்றப் பிள்ளைகள் மெலிந்த புத்தகமாகத் தேடி எடுத்து ஒரே நாளில் நாலைந்து திருப்பித் தருவார்கள். ஓர் அட்டை நிரம்பினால் எல்லோருக்கும் ஒரே பரிசு என்பது எங்கள் வழக்கம். கலர்ப் பென்சில் பெட்டியைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது நூலக முத்திரையைத் தாங்களே குத்திக்கொள்ள விடுவது. செலவும் இல்லை.

வாசிக்கத் தடுமாறுகிற பெரிய பிள்ளைகள் ஒரு தனிக் கவலை. ஏழாம் ஆண்டுப் பையன், தம்பி வாசிக்கிற படப் புத்தகத்தைக் கையில் எடுக்க வெட்கப்படுவான். பெரிய புத்தகத்தை எடுத்துவைத்துப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பான். அவனுக்குச் சொல்ல ஒரு சாட்டு வேண்டும். 'தம்பி தங்கச்சிக்கு வாசித்துக் காட்ட' என்று ஓர் அடுக்குக்குப் பெயர் வைத்தோம். பெரிய எழுத்து, பக்கத்துக்கு இரண்டு வரி, நல்ல படம். அந்த அடுக்குத்தான் முதலில் காலியாகிறது. எடுக்கிறவன் நிஜமாகத் தம்பிக்கு வாசிக்கிறானா, தனக்கு வாசிக்கிறானா என்று நாங்கள் கேட்பதில்லை. சிலருக்குத் தம்பியே கிடையாது.

பெற்றவர்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது ஸ்கொலர்ஷிப்புக்கு உதவுமா மிஸ்?" ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை மலையகத்து வீடுகளில் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. நல்ல பாடசாலைக்குப் போக அதுதான் கதவு என்று நினைக்கிற குடும்பத்திடம் போய்க் 'கதை வாசியுங்கள்' என்று பிரசங்கம் செய்வதில் பயன் இல்லை. கடந்தகால வினாத்தாள்களை ஒரு றாக்கையில் வைத்து, அதைக் கதைப் புத்தகங்களுக்கு நடுவில் நிறுத்தினேன். வினாத்தாள் எடுக்க வருகிற பிள்ளை கூடவே ஒரு கதையையும் எடுத்துப் போகும். டியூஷன் நேரத்தோடும் முட்டக் கூடாது. ஞாயிறு காலை முழுக்க டியூஷன் என்பதால் நாங்கள் செவ்வாயும் சனியும் ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடித்துவிடுகிறோம். பிறகு மழை, பிறகு பஸ் கூட்டம். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் நூலகம் மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும்; மழையில் நனைந்து வந்து பூட்டைப் பார்க்கிற பிள்ளை மறுபடி வராது.

கதை நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாய் விரித்து அரைவட்டமாக உட்கார வையுங்கள். அதற்கு முன் ஒவ்வொருவரும் காலைப் பார்த்துக்கொள்ளட்டும்; மழைக்காலத்தில் பாதிப் பேர் காலில் இரத்தம் குடிக்கிற அட்டைப் பூச்சியோடுதான் வருவார்கள், கதை நடுவில் யாராவது கத்தினால் கதை முடிந்தது. சவர்க்காரத் துண்டு ஒன்று கையில் இருக்கட்டும். புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடித்து, படம் பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி, அவசரமில்லாமல் வாசியுங்கள். கால் மணித்தியாலம் போதும். முடிந்ததும் 'இந்தக் கதையில் இருந்து என்ன நீதி தெரிகிறது?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட உடனே பிள்ளைகளின் முகத்தில் பாடசாலை மணி அடிக்கும். சும்மா இருங்கள். அவர்களே பேசுவார்கள். பிளேன்டீயும் கிறீம் கிறேக்கரும் கொடுத்தால் இன்னும் பேசுவார்கள்.

புத்தகத் தட்டுப்பாடு உண்மையான பிரச்சினை. தமிழ்ச் சிறுவர் நூல்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருகின்றன. டொலர் ஏறிய பிறகு விலை கையைச் சுடுகிறது. கொழும்பில் மொத்தமாக வாங்கி அனுப்புகிற நன்கொடையாளர்கள் பொது அறிவுப் புத்தகத்தையே அனுப்புகிறார்கள். ஒரே பொது அறிவுப் புத்தகம் எங்களிடம் பதினைந்து பிரதி கிடக்கிறது. நன்கொடை தருவதாகச் சொல்பவர்களுக்கு இப்போது நாங்களே பட்டியல் கொடுக்கிறோம். கைகொடுத்த இன்னொன்று இணையம். இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்துத் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பதிவிறக்கி, ஆக்கியோர் பெயர்களோடு அச்சிட்டுத் தைத்து அடுக்கில் வைக்கலாம், சட்டப்படி தடையில்லை. ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் வேண்டுமென்றால் 2005 முதல் இயங்குகிற நூலகம் இணையத்தளம் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குப் பழைய சிறுவர் இதழ்களைத் திரையில் காட்டலாம்.

மிச்சத்தைப் பிள்ளைகளே செய்கிறார்கள். ஓர் ஏ4 தாளை மூன்று முறை மடித்து விரித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி மறுபடி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். ஸ்டேப்ளர்கூட வேண்டாம். வீட்டில் கேட்ட கதையை அதில் எழுதிப் படம் வரைந்து கொண்டுவர வேண்டும். கெட்டிக்கார ஆமை வந்தது. ஆடித் திருவிழாவில் தொலைந்துபோன தாத்தா வந்தார். சிறுத்தை லயத்துக்கு வந்த இரவு, நாயின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் வரவுப் பதிவேட்டில் இலக்கம் போட்டு, முதுகில் ஒட்டி, மற்றப் புத்தகங்களோடு அடுக்கில் வைக்கிறோம். ஓடிட்டில் கேட்டால் கையளிப்பு நன்கொடை. தன் புத்தகத்தை யார் எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கவே வாரம் தவறாமல் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எடுத்தவர்களிடம் "முழுக்க வாசிச்சியா?" என்று மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பிள்ளைகளின் படம் பற்றி ஒன்று. அறிக்கைக்கு என்று எல்லோரும் போட்டோ கேட்பார்கள். முகம் தெரிகிற படத்தைப் பேஸ்புக்கில் போடுவதற்கு முன் வீட்டில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் புத்தகம் பிடித்த கைகளை மட்டும் எடுங்கள். பெண்பிள்ளைகள் எந்த பஸ்ஸில் யாரோடு திரும்பிப் போகிறார்கள் என்பதை வருகைப் பதிவிலேயே எழுதி வைக்கவும்.

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் இருந்து இதைச் செய்ய நினைப்பவர்கள் என் மழைக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊவா மாகாணத்தில் ஆகஸ்ட் காய்ந்த காற்றுக் காலம். நீங்கள் மரத்தடியிலேயே பாய் விரிக்கலாம். காற்றில் தாள் பறக்காமல் கல் வைத்துக்கொண்டால் போதும். உங்களுக்கு மழைத் தொல்லை டிசம்பர் விடுமுறையில், வடகீழ்ப் பருவத்தில் வரும். பிளாஸ்டிக் உறைகளை அதற்கு எடுத்து வையுங்கள். நூலகமே இல்லாத இடமென்றால் தோட்டத்து இளைஞர் வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு பெட்டியோடு தொடங்கலாம். பக்கத்துப் பொது நூலகத்திடம் அந்தப் பெட்டிக்கு மொத்த இரவல் கேளுங்கள். கடிதத்தில் பாடசாலை அதிபரின் கையொப்பமும், பொறுப்பாக இருக்கப்போகிற இருவரின் அடையாள அட்டை இலக்கமும் இருந்தால் மறுப்பது குறைவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் எங்களுக்கு இரண்டு முறை அனுமதியே வந்துவிட்டது.